எல்லோரும் புரிந்தது என்று கையெழுத்துப் போட்ட விதிகள்

4 மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட வேலை 11 மாதம் இழுத்தது. கூடுதலாக உழைத்த 7 மாதத்துக்கு எனக்குப் பணம் வரவில்லை. நடுவில் தேடி வந்த வேறொரு வேலையையும் விட்டுவிட்டேன். சேமிப்பு கரைந்தது. இதற்கெல்லாம் காரணம் சர்வர் விழுந்ததோ, கோடில் (நிரலில்) இருந்த பிழையோ இல்லை. மென்பொருள் பின்பற்ற வேண்டிய விதிகளை எல்லோருக்கும் புரியும்படி சாதாரணத் தமிழில் எழுதினேன். அந்தத் தமிழை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டோம். தனியாக வேலை செய்பவன் என்பதால் ‘இங்கே பார்த்துப் போ’ என்று சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை. இதே மாதிரி வேலையில் இப்போது இறங்கியிருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கட்டுமானக் கருவிகளை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்துக்கான பில் மென்பொருள் அது. துளையிடும் இயந்திரம், ஜெனரேட்டர், கான்கிரீட் கலவை இயந்திரம் என்று பல பொருட்கள். எத்தனை நாளைக்கு எவ்வளவு வாடகை, தாமதமானால் எவ்வளவு கட்டணம், யாருக்குத் தள்ளுபடி, டெபாசிட்டை எப்போது திருப்பித் தருவது என்பதெல்லாம் கணக்குப் பிரிவை நடத்திய ஒரு மேடத்தின் மனதில் இருந்தது. எழுத்தில் எதுவும் இல்லை. ‘உங்கள் மென்பொருள் என்ன செய்யும் என்பதை நாங்களே படித்துப் பார்க்கும்படி எழுதிக் கொடுங்கள், கோடெல்லாம் எங்களுக்குத் தெரியாது’ என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கோரிக்கை. எனக்கும் அது பிடித்திருந்தது. மேடத்திடம் பேசிப் பேசி 63 விதிகளைத் தமிழில் எழுதினேன். ஒரு நாள் மதியம் உரிமையாளர், மேடம், கிடங்குப் பொறுப்பாளர் மூவரையும் உட்காரவைத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ‘இவ்வளவு தெளிவா யாரும் எழுதித் தந்ததில்ல’ என்று உரிமையாளர் சொன்னார். கடைசிப் பக்கத்தில் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்று இரவு எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி மென்பொருள் ஓடத் தொடங்கிய இரண்டாவது வாரம் போனது. 12ஆம் விதி இப்படி இருந்தது: ‘3 நாளுக்கு எடுத்த பொருளை 3 நாளுக்குள் திருப்பாவிட்டால் தாமதக் கட்டணம் வசூலிக்க வேண்டும்.’ நான் 3 நாள் என்பதை 72 மணி நேரம் என்று கோடில் எழுதியிருந்தேன். திங்கள் காலை 10 மணிக்கு எடுத்தவர் வியாழன் காலை 11 மணிக்குக் கொண்டுவந்தால் தாமதம். அப்படி ஒரு வாடிக்கையாளருக்குப் பில் போனது, அவர் சண்டைக்கு வந்துவிட்டார். மேடத்தைக் கேட்டேன். ‘எடுத்த நாளை யாரு தம்பி கணக்குல சேப்பாங்க? வியாழக்கிழமை மூடுற வரைக்கும் நேரம் இருக்கு, இதுல என்ன சந்தேகம்?’ என்றார். பக்கத்தில் நின்ற உரிமையாளர், ‘திங்கள், செவ்வாய், புதன், மூணு நாள் ஆச்சே, புதன் சாயங்காலமே வந்திருக்கணும்’ என்றார். ஒரே வாக்கியம், மூன்று பேர், மூன்று பதில். மூவரும் அந்த வாக்கியத்தைத் தெளிவானது என்று நம்பியிருந்தோம்.

அடுத்தது தள்ளுபடி. ‘பழைய வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வாரத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கும் தள்ளுபடி உண்டு, முதலாமவர்களுக்கு 10 சதவீதம், இரண்டாமவர்களுக்கு 5 சதவீதம்.’ பழைய வாடிக்கையாளரே 10 நாளைக்கு எடுத்தால்? நான் இரண்டையும் கூட்டி 15 சதவீதம் கொடுத்துவிட்டேன். உரிமையாளர் நினைத்தது முதலில் 10 கழித்து, மீதியில் 5 கழிப்பது, அதாவது 14.5 சதவீதம். மேடம் இத்தனை வருடமாகக் கையால் போட்ட பில்களில் எது பெரியதோ அது மட்டும், 10 சதவீதம். ஒரு மாதம் முழுக்க அதிகத் தள்ளுபடி போயிருந்தது. கொடுத்த தள்ளுபடியைத் திரும்பக் கேட்க முடியாது. அதிகமாக வாங்கிய தாமதக் கட்டணத்தையோ திருப்பித் தர வேண்டும். இரண்டு பக்கமும் நஷ்டம், இரண்டுக்கும் காரணம் நான் எழுதிய வாக்கியம். அந்த வாரங்களில் போன் அடித்தாலே வயிறு கலங்கும். அவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. ‘நாமதானே கையெழுத்துப் போட்டோம்’ என்று மேடம் சொன்னது திட்டியதைவிட வலித்தது.

இதைவிட என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. நான் சோதனை எழுதாதவன் இல்லை. ஒவ்வொரு விதிக்கும் டெஸ்ட் இருந்தது, அத்தனையும் பச்சை, அதாவது எல்லாம் தேறியது. ஏனென்றால் அதே வாக்கியத்தை நானே படித்து, நான் புரிந்துகொண்டபடி கோடும் எழுதினேன், நான் புரிந்துகொண்டபடியே டெஸ்டும் எழுதினேன். என் தவறான புரிதல் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருந்ததால் ஒன்றையொன்று சரி என்று சொல்லிக்கொண்டிருந்தன. விதியை எழுதியவர் ஒருவர், அதற்கான சோதனை உதாரணத்தைச் சொல்பவர் இன்னொருவர் என்று இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். தனியாக வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: சோதனையில் வரும் எண்களை வாடிக்கையாளர் பக்கத்து ஆள் வாயிலிருந்து வாங்குங்கள், நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள்.

பிறகு உட்கார்ந்து 63 விதிகளையும் சிவப்புப் பேனாவோடு படித்தேன். நம் மொழி பேச்சுக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறதோ அதே வசதிகள்தான் விதி எழுதும்போது காலை வாருகின்றன என்பது அப்போதுதான் புரிந்தது. முதல் குற்றவாளி ‘உம்’. ‘அவர்களுக்கும் இவர்களுக்கும்’ என்றால் இருவரும் தனித்தனியாகவா, இரண்டு தகுதியும் சேர்ந்தவருக்கா, இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும், எதையும் ‘உம்’ சொல்வதில்லை. அடுத்தது ‘லாம்’. ‘பொருள் சேதமானால் டெபாசிட்டைப் பிடித்துக்கொள்ளலாம்’ என்று எழுதியிருந்தேன். பிடிக்க அனுமதி உண்டு, விருப்பம் போல் செய்யலாம் என்பதா, அல்லது மென்பொருள் தானாகவே பிடித்துவிட வேண்டுமா? நான் தானாகப் பிடிக்க வைத்திருந்தேன். மேடம் ஆளைப் பார்த்து, சேதத்தைப் பார்த்து முடிவு செய்பவர். இணையத்தில் கணினிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறைகளை எழுதுபவர்களுக்கு இதே தலைவலி இருந்ததால்தான் 1997இல் ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தில் ‘கட்டாயம்’, ‘செய்வது நல்லது’, ‘செய்தாலும் சரி, விட்டாலும் சரி’ என்ற மூன்று நிலைகளுக்கும் தனித்தனிச் சொல்லை நிர்ணயித்து வைத்தார்கள். நானும் அதைப் பின்பற்றி, ‘வேண்டும்’ என்றால் மென்பொருளே செய்யும், ‘லாம்’ என்றால் ஒரு மனிதரிடம் கேட்டு நிற்கும் என்று முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன். அந்த ஒரு வரி பல விதிகளைச் சரிசெய்தது.

மிக ஆபத்தான வாக்கியம் இன்னொன்று: ‘எல்லா வாடிக்கையாளர்களுக்கும் டெபாசிட் தேவையில்லை.’ யாருக்குமே தேவையில்லை என்றும் படிக்கலாம், எல்லோருக்கும் தேவை என்றில்லை, சிலருக்கு மட்டும்தான் என்றும் படிக்கலாம். வாசித்துக் காட்டும்போது என் குரல் ஏற்ற இறக்கம் இரண்டாவது பொருளைக் காட்டியது. காகிதத்தில் குரல் இல்லை. ‘எல்லா’வையும் ‘இல்லை’யையும் ஒரே வாக்கியத்தில் வைக்கவே கூடாது என்று அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். ‘மேல்’ என்ற சொல்லும் அப்படித்தான். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் சரியாக 7 நாள் எடுத்தவர் உள்ளேயா வெளியேயா? ‘7 நாளோ அதற்கு மேலோ’ அல்லது ‘7 நாளைத் தாண்டினால்’ என்று எழுதினால் சண்டை இல்லை. எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவதும் நமக்கு இயல்பு. ‘திருப்பித் தராவிட்டால் நிறுத்திவைக்க வேண்டும்’ என்று 41ஆம் விதியில் எழுதியிருந்தேன். யார் திருப்பித் தராவிட்டால், எதை, யார் நிறுத்திவைப்பது? எழுதிய நாளில் எனக்குத் தெரிந்திருந்தது. மூன்று மாதம் கழித்துப் படித்தபோது எனக்கே தெரியவில்லை. விதியில் ஒரே பெயர் பத்து தடவை வந்தாலும் பரவாயில்லை. கட்டுரை எழுதும் அழகுணர்ச்சியை அங்கே ஓரமாக வைத்துவிட வேண்டும். பள்ளியில் கற்றுக்கொண்ட ‘ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாதே’ என்ற பாடத்தை நான் கடைப்பிடித்து, ஒரே ஆளை ‘வாடிக்கையாளர்’, ‘எடுத்தவர்’, ‘பயனாளர்’ என்று மூன்று பெயரில் எழுதியிருந்தேன். பின்னால் படித்தவர்கள் இவை மூன்றும் வேறு வேறு ஆட்கள் என்றே நினைத்தார்கள்.

இந்த இடத்தில் வாக்கியங்களைத் திருத்தி வேலையை முடித்திருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. அவமானமும் பதற்றமும் சேர்ந்து என்னை வேறு பாதையில் தள்ளின. ‘வாக்கியம் ஒன்று, கோடு ஒன்று என்று இரண்டாக இருப்பதால்தானே பிரச்சினை? தமிழ் வாக்கியத்தையே கணினி நேரடியாகப் படித்து இயங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும், மேடமே விதியை மாற்றிக்கொள்ளலாம்’ என்று எனக்குத் தோன்றியது. இந்த ஆசை புதிதல்ல. 1959இல் கோபால் (COBOL) என்ற நிரல்மொழியை வடிவமைக்கத் தொடங்கியபோதே, நிரலாளர் அல்லாத நிர்வாகிகளும் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஆங்கில வாக்கியம் போல இருக்க வேண்டும் என்பது நோக்கங்களில் ஒன்று. படிக்க முடிந்தது என்னவோ உண்மை. அதற்காக நிர்வாகிகள் உட்கார்ந்து நிரல் எழுதத் தொடங்கிவிடவில்லை. ட்ரூல்ஸ் போன்ற விதி இயந்திரங்களிலும் (விதிகளைத் தனியாக எழுதிவைத்தால் அவற்றை இயக்கும் மென்பொருட்கள்) நாமே வகுத்த வாக்கிய வடிவங்களைக் கோடோடு இணைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போல ஒன்றைத் தமிழுக்காக நானே எழுதப் போனேன். 5 மாதம் அதில் போனது.

அந்த 5 மாதத்தில் நான் மோதிய சுவர்களைச் சொல்கிறேன். ‘வாடிக்கையாளர்’ என்ற ஒரு சொல் ‘வாடிக்கையாளருக்கு’, ‘வாடிக்கையாளரிடம்’, ‘வாடிக்கையாளரின்’, ‘வாடிக்கையாளராக’ என்று வேற்றுமைக்கு வேற்றுமை மாறும். ஒவ்வொன்றையும் பிரித்தறிய வேண்டும். சரி, அதையும் செய்தேன். ‘தொகையைப் பிடிக்க’ என்று நான் வடிவம் வைத்திருந்தால், தட்டச்சு செய்பவர் ‘ப்’ என்ற ஒற்றெழுத்தை விட்டு ‘தொகையை பிடிக்க’ என்று அடிப்பார். விதி பொருந்தாமல் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும். அப்புறம் யூனிகோட், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் உள்ள குறியீட்டு முறை. ‘கொ’ என்ற எழுத்தில் வரும் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, கணினிக்கோ இரண்டும் வேறு வேறு எழுத்துத் தொடர்கள். ஒப்பிடும் முன் யூனிகோடின் என்எஃப்சி என்ற முறையில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குச் சீராக்கினால் இது தீர்ந்துவிடும். ஆனால் ‘கௌ’ என்பதை ‘கெ’யும் ‘ள’வுமாக அடிப்பவரைச் சீராக்கலும் காப்பாற்றாது. தமிழில் தரவைக் கையாளும் எவரும் இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், எனக்கு இதைக் கண்டுபிடிக்கவே 4 நாள் ஆனது.

அத்தனையும் தாண்டி ஒரு வழியாக ஓடவைத்து மேடத்தின் முன்னால் திறந்தேன். விதியை நீங்களே மாற்றலாம் மேடம் என்றேன். அவர் ஆர்வமாகத்தான் உட்கார்ந்தார். முதல் வாக்கியத்தை அவர் பேசுகிற மாதிரியே அடித்தார், கருவி ஏற்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. ‘நான் என்ன தப்பா எழுதுறேன் தம்பி?’ என்று கேட்டார். அவர் தப்பாக எதுவும் எழுதவில்லை. சாதாரணத் தமிழ் மாதிரி தோற்றமளித்து, அனுமதிக்கப்பட்ட சில வடிவங்களை மட்டும் ஏற்கும் ஒரு புது நிரல்மொழியை நான் அவர் கையில் கொடுத்திருந்தேன். கோடு என்றால் இது நமக்கு இல்லை என்று அவர் ஒதுங்கியிருப்பார். இது அவருடைய சொந்த மொழி போலவே இருந்ததால், தவறு தன்னுடையது என்று நினைத்துவிட்டார். வேலையில் நான் பட்டதிலேயே பெரிய வருத்தம் அது. பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன், அவருடைய அந்த முகத்தை மறக்க முடியவில்லை. அதோடு அந்தக் கருவி உண்மையான பிரச்சினையைத் தொடவே இல்லை. வாக்கியத்தைக் கணினி நேரடியாகப் படித்தாலும், 3 நாள் என்றால் எந்த மூன்று நாள் என்று யாராவது முடிவு செய்து சொல்லியாக வேண்டும். அந்த முடிவை நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

திருப்பம் அதே நாள் மாலையில் வந்தது. மேடம் அலமாரியிலிருந்து பழைய பில் புத்தகங்கள் நான்கை எடுத்து மேசையில் வைத்தார். ‘வாக்கியமெல்லாம் எனக்கு வராது. இந்தப் பில்லைப் பாரு, ஏன் இப்படிப் போட்டேன்னு ஒவ்வொன்னா சொல்றேன்’ என்றார். 2 மணி நேரத்தில், 3 மாதம் பேசியும் எனக்குக் கிடைக்காதது கிடைத்தது. விதியைக் கேட்டால் மனிதர்கள் பொதுவாகச் சொல்வார்கள், விதிவிலக்கு நினைவுக்கே வராது. ஒரு பில்லைக் காட்டிக் கேட்டால் விதிவிலக்கு தானாக வந்து விழும். ‘இவங்க ஜெனரேட்டர் பழுதாகி ரெண்டு நாள் சும்மா நின்னுச்சு, அதை எப்படி வாடகைன்னு வாங்குறது?’ என்றார் ஒரு பில்லுக்கு. என்னுடைய 63 விதிகளில் பழுதான நாள் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இனி எந்த வேலையாக இருந்தாலும் முதல் நாளே பழைய பில், பழைய ரசீது, நிராகரித்த விண்ணப்பம் என்று முடிந்துபோன கோப்புகளைக் கேட்பேன். அதிலும் சண்டை வந்தவற்றை முதலில் கேட்பேன்.

கடைசி 2 மாதத்தில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன். முதலில் சொற்பட்டியல்: வாடிக்கையாளர், பழைய வாடிக்கையாளர், வாடகை நாள், தாமத நாள், சேதம் என்று 22 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள். ‘பழைய வாடிக்கையாளர்’ என்பதற்கு ‘கடந்த 12 மாதத்தில் 5 தடவையாவது எடுத்து, பாக்கி இல்லாதவர்’ என்று மேடமும் உரிமையாளரும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அதற்கே ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. அந்த வாக்குவாதம் நடந்தாக வேண்டும். அதை நடத்தாமல் நான் முன்பு தப்பித்துக்கொண்டேன், அது பில் வழியாக வாடிக்கையாளர் முன்னால் நடந்தது. ‘வழக்கமாக’, ‘தேவைப்பட்டால்’, ‘உடனே’, ‘அதிகமாக’ போன்ற சொற்களை மஞ்சள் பேனாவால் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஓர் எண்ணோ ஒரு பொறுப்பாளரின் பதவியோ வரும்வரை விடவில்லை.

அடுத்தது அட்டவணை. நிபந்தனைகள் பின்னிப் பிணைந்திருக்கும் இடத்தில் வாக்கியமே வேண்டாம். தள்ளுபடிக்கு மூன்று ஆம்-இல்லை கேள்விகள்: பழைய வாடிக்கையாளரா, 7 நாளோ அதற்கு மேலோ எடுக்கிறாரா, முழுத் தொகையையும் முன்பே கட்டிவிட்டாரா? மூன்று கேள்விக்கு 8 வரிசை. 8 வரிசையையும் அச்சடித்து, கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு மேடத்திடம் கொடுத்தேன். 10 நிமிடத்தில் நிரப்பினார். அதில் இரண்டு வரிசையில் பேனா நின்றது, ‘இது வரைக்கும் இப்படி ஒருத்தர் வந்ததில்லையே’ என்றார். வாக்கியத்தில் ஒளிந்துகொள்ளும் ஓட்டை அட்டவணையில் காலிக் கட்டமாகக் கண்ணுக்குத் தெரியும். எச்சரிக்கை ஒன்று: கேள்விகள் 5 ஆனால் வரிசை 32, 10 ஆனால் 1024. அதனால் ஓர் அட்டவணையில் நான்கு கேள்விக்கு மேல் வைக்காமல் சிறு சிறு அட்டவணைகளாகப் பிரித்தேன், பதிலை மாற்றாத கேள்வியின் கட்டத்தில் சிறு கோடு (-) போட்டு வரிசைகளைச் சேர்த்தேன். இரண்டு வரிசை ஒரே நேரத்தில் பொருந்தினால் எது வெல்லும் என்பதையும் அட்டவணையின் தலையிலேயே எழுத வேண்டும். 2015இல், மென்பொருள் தரநிலைகளை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு முடிவு அட்டவணைகளுக்காக வெளியிட்ட டிஎம்என் என்ற தரநிலை இதற்கு முறையான குறியீடுகளையே வைத்திருக்கிறது: ஒன்று மட்டுமே பொருந்த வேண்டும், மேலிருந்து முதலில் பொருந்துவது வெல்லும், பொருந்துவதையெல்லாம் திரட்டு என்பது போல. முன்பே அதைப் படித்திருந்தால் 15 சதவீதத் தள்ளுபடி போயிருக்காது.

மூன்றாவது, ஒவ்வொரு விதிக்கும் அடியில் குறைந்தது மூன்று உதாரணம்: சாதாரணமாக நடப்பது ஒன்று, எல்லையின் மேல் சரியாக நிற்பது ஒன்று, எல்லையைச் சற்றுத் தாண்டியது ஒன்று. எண்கள் எல்லாம் மேடம் சொன்னவை. 12ஆம் விதியின் கீழே இப்போது ‘திங்கள் காலை 10 மணிக்கு 3 நாளுக்கு எடுக்கிறார், வியாழன் மாலை மூடும் முன் திருப்புகிறார், தாமதக் கட்டணம் இல்லை’ என்று இருக்கிறது. அதன் கீழே அதே ஆள் வெள்ளி காலை வந்தால் ஒரு நாள் கட்டணம் என்று இருக்கிறது. இந்த உதாரணங்களையே தானியங்கிச் சோதனையாகவும் ஓடவைக்க, 2008இல் வெளிவந்த குக்கும்பர் என்ற கருவியைப் பயன்படுத்தினேன். அதில் உதாரணங்களை எழுதும் கெர்கின் என்ற நடை தமிழ்ச் சொற்களையும் ஏற்கும்: ‘அம்சம்’, ‘பின்னணி’, ‘காட்சி’, ‘கொடுக்கப்பட்ட’, ‘எப்போது’, ‘அப்பொழுது’. ஆனால் ஆங்கில வாக்கியத்தில் நிபந்தனைச் சொல் முன்னால் வரும், நமக்கு அது வினையின் வாலில் ‘ஆல்’ என்று வரும். அதனால் ‘எப்போது அவர் திருப்புகிறார்’ என்று படித்த மேடம், ‘இது கேள்வியா?’ என்று கேட்டார். நல்லவேளை, அந்தச் சொற்களுக்குப் பதிலாக வெறும் நட்சத்திரக் குறி போட்டாலும் கருவி ஏற்றுக்கொள்ளும். நட்சத்திரம் போட்டு, ஒவ்வொரு வரியையும் முழுத் தமிழ் வாக்கியமாக எழுதினேன். அப்புறம் யாரும் குழம்பவில்லை.

சிறியதாகத் தோன்றி பெரிதாகக் கடித்தவை இன்னும் இரண்டு. ஒன்று, தசமத்தை முழு எண்ணாக்குவது. ஒரு பில்லில் 10.40 என்று மூன்று வரி இருந்தால், வரிக்கு வரி முழுமையாக்கினால் மொத்தம் 30, கடைசியில் மொத்தத்தை முழுமையாக்கினால் 31. விதிகளை எழுதிய யாரும் இதைப் பற்றிப் பேசியிருக்கவில்லை. மற்றொன்று தேதி. தாமதக் கட்டணத்தை மாதம் 1ஆம் தேதி உயர்த்தினார்கள். 28ஆம் தேதி எடுத்து 4ஆம் தேதி திருப்புகிறவருக்குப் பழைய விதியா, புதிய விதியா? எடுத்த நாளின் விதிதான் என்று முடிவானது. அதன்பின் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில், எந்த நாளிலிருந்து நடைமுறை, யார் சொன்னது, ஏன் என்று மூன்று குறிப்பு சேர்த்தேன். ‘ஏன்’ என்பதை எழுதாத விதியை இரண்டு வருடம் கழித்து நீக்கவும் பயமாக இருக்கும், வைத்திருக்கவும் சங்கடமாக இருக்கும்.

திருத்திய விதிகளை ஒரு மொழி மாதிரியிடம் (கேட்டதற்குப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம்) கொடுத்து முரண்பாடு இருக்கிறதா என்றும் பார்த்தேன். நான் யோசிக்காத எல்லை உதாரணங்களைக் கேட்டு வாங்க அது நன்றாகவே உதவியது. ஆனால் தெளிவில்லாத இடத்தில் அது கேள்வி கேட்காமல் தானாக ஒரு பொருளை எடுத்துக்கொண்டு சரளமாக மேலே போகிறது. முதல் மூன்று மாதத்தில் நானும் அதையேதான் செய்தேன். அதனால் அதன் பதில்களை விதியாக ஏற்காமல், மேடத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் எழுதுவதில்லை. மொத்தத் தொகை முன்பே பேசி முடித்த ஒப்பந்தம். கடைசித் தவணை கால் பங்கு. அதில் பாதியைத் தவறான பில்களின் நஷ்டத்துக்கு ஈடாகப் பிடித்துக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை. ஆக 4 மாதக் கூலியில் எட்டில் ஏழு பங்குக்கு 11 மாதம் வேலை செய்தேன். இப்போது நான் போடும் ஒப்பந்தத்தில், விதிகளைத் திரட்டுவது தனி வேலை, தனிக் கட்டணம். அது முடிந்த பிறகுதான் மென்பொருளுக்கு விலை சொல்கிறேன். கையெழுத்தை வாக்கியங்களின் கீழே வாங்குவதில்லை, உதாரணங்களின் கீழே வாங்குகிறேன். பழைய பில்கள் குறைந்தது 100ஐப் புதிய மென்பொருளில் ஓட்டி, பழைய தொகையோடு ஒப்பிட்டு, வேறுபடும் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிய பிறகே நேரடிப் பயன்பாட்டுக்குப் போவது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

அந்த நிறுவனத்தில் மென்பொருள் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. விதிகள் 63இலிருந்து 38ஆகக் குறைந்து, 9 அட்டவணைகளும் சேர்ந்திருக்கின்றன. கடைசிப் பக்கத்துக்கு ‘இன்னும் முடிவாகாதவை’ என்று பெயர். அதில் ஒரே ஒரு வரி பாக்கி: ஐந்து பொருள் எடுத்தவர் இரண்டை மட்டும் முன்கூட்டியே திருப்பினால், 7 நாள் தள்ளுபடி மீதி மூன்றுக்கும் தொடருமா? மேடம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அப்படி வரும் பில்லை மென்பொருள் கணக்கிடாமல் நிறுத்தி, அவர் மேசைக்கு அனுப்பிவிடுகிறது.